முட்டியின் தேய்மானக் கணக்கு

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இதழுக்காக எழுத்தில்.)



என்னைப் பேசக் கூப்பிட்டால் வழக்கமாக டெபாசிட் வட்டி, நாமினேஷன், லாக்கர் சாவி இவற்றைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை முட்டி வலி. நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் விடாமல் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டதும், அதற்குப் பிறகு தேடிப் படித்ததும்தான் என் சரக்கு. உங்கள் டாக்டர் உங்களுக்கென்று எதையாவது சொல்லியிருந்தால் அதற்குத்தான் முதல் இடம்.

இந்த விஷயத்தில் ஒரு காமர்ஸ் பட்டதாரிக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். காரணம் ஒரு சொல். ஐம்பது வயதுக்கு மேல் முட்டி வலி என்று போனால், எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு "தேய்மானம்" என்று சொல்வார்கள். அது எங்கள் பாடப் புத்தகத்துச் சொல். ஒரு மெஷின் வாங்குகிறோம், வருஷத்துக்கு இவ்வளவு என்று அதன் மதிப்பைக் குறைத்து எழுதுகிறோம், ஒரு நாள் அது பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஓடாமல் ஓரமாக நின்றால் மெஷின் குறைவாகத் தேயும். அந்தக் கணக்கை நாம் அப்படியே முட்டிக்கும் போட்டுவிடுகிறோம். தேய்ந்துவிட்டதாம், இனி மிச்சம் பிடித்துப் பயன்படுத்த வேண்டும் என்று மாடிப்படியை விடுகிறோம், வாக்கிங்கை விடுகிறோம், தரையில் உட்காருவதை விடுகிறோம். ஆறு மாதம் கழித்து வலி குறைந்திருக்கிறதா? பெரும்பாலும் கூடியிருக்கிறது.

ஏன் கூடுகிறது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

முட்டிக்குள் இரண்டு எலும்புகளின் முனையிலும் வழவழப்பாக ஒரு குருத்தெலும்புப் படலம் இருக்கிறது. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. அதற்குச் சாப்பாடு மூட்டுக்குள் இருக்கும் நீரிலிருந்து வருகிறது. நாம் காலை ஊன்றும்போது அது அழுந்துகிறது, எடுக்கும்போது விரிந்து நீரை உறிஞ்சுகிறது, ஸ்பாஞ்ச் மாதிரி. நடமாட்டம் நின்றால் அந்தப் பரிமாற்றமும் மந்தமாகிறது. மெஷினில் இப்படி ஒரு பாகம் இருப்பதாக எந்தத் தேய்மானக் கணக்கிலும் நான் பார்த்ததில்லை.

அடுத்தது சுமை. ஜெர்மனியில் பெர்லின் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், முட்டி மாற்று அறுவை செய்துகொண்ட சிலருக்கு வைத்த செயற்கை மூட்டுக்குள்ளேயே சுமையை அளக்கும் கருவியைப் பொருத்தி அளந்தார்கள். சமதளத்தில் நடக்கும்போது உடல் எடையைப் போல சுமார் இரண்டரை மடங்கு முட்டியில் விழுகிறது. படி இறங்கும்போது சுமார் மூன்றரை மடங்கு. எழுபது கிலோ ஆள் என்றால் நடக்கையில் 175 கிலோ, படி இறங்குகையில் 245 கிலோ. ஏறுவதைவிட இறங்குவதுதான் வலிக்கிறது என்று நம் வீட்டு அம்மாக்கள் சொல்வது சரிதான்.

இவ்வளவு சுமையை யார் சமாளிக்கிறார்கள்? தொடையின் முன்பக்கத்துத் தசை. நான்கு பிரிவாகக் கிளம்பி, முட்டிச் சில்லைப் பிடித்துக்கொண்டு, கீழே கால் எலும்பில் போய் முடிகிறது. படி இறங்கும்போது இதுதான் பிரேக். மேல்படியில் நிற்கும் காலின் முட்டியை மெதுவாக, கட்டுப்பாட்டோடு மடிய விடுகிறது. இது பலமாக இருந்தால் கீழ்ப்படியில் கால் மெத்தென்று இறங்கும். பலம் இல்லையென்றால் 'டொப்' என்று விழும். அந்த அதிர்ச்சியை வாங்குவது மூட்டு. லிஃப்ட் வேலை செய்யாத நாளில் படிக்கட்டுப் பக்கம் நின்று கேட்டுப் பாருங்கள், யார் இறங்குகிறார்கள் என்று காலடிச் சத்தத்திலேயே தெரியும்.

சரி, மூட்டு கெட்டதால் தசை மெலிந்ததா, தசை மெலிந்ததால் மூட்டு கெட்டதா? அமெரிக்காவில் இண்டியானாவில் 65 வயதுக்கு மேற்பட்ட 400க்கும் அதிகமானவர்களைச் சோதித்து 1997ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். எக்ஸ்-ரேயில் தேய்மானம் தெரிந்தும் வலியே இல்லாத சிலர் அதில் இருந்தார்கள். அவர்களுக்கும் தொடைத் தசை பலவீனமாக இருந்தது. வலியால் நடக்காமல் இருந்து மெலிந்தார்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது, அவர்களுக்கு வலியே இல்லையே. ஆக, தசை பலவீனம் வலிக்குப் பின்னால் மட்டும் வருவதில்லை. முன்னாலும் வரலாம்.

பின்னால் வருவதும் உண்மை. முட்டிக்குள் நீர் கோத்துக்கொண்டால் மூளை அந்தத் தொடைத் தசையை முழுதாகச் சுருங்க விடுவதில்லை. நாம் எவ்வளவு முயன்றாலும் ஃபியூஸைப் பிடுங்கிய மாதிரி ஆகிவிடும். வலி வந்தால் தசை ஓய்கிறது, தசை ஓய்ந்தால் சுமை மூட்டுக்குப் போகிறது, அதனால் இன்னும் வலி. வட்டிக்கு வட்டி என்பது இதுதான், ஆனால் நமக்கு எதிராக ஏறுகிற வட்டி.

இனி முட்டிக்கு மேலே போவோம். பிசியோதெரபிஸ்ட் அம்மா என்னிடம் சொன்ன ஒரு வாக்கியம்: "சார், முட்டி நடுவில் மாட்டிக்கொண்ட பையன். மேலே இடுப்பும் கீழே பாதமும் போடுகிற சண்டைக்கு அவன்தான் அடி வாங்குவான்." முட்டி பெரும்பாலும் முன்னும் பின்னும் மடங்குகிற கீல். பக்கவாட்டில் திரும்ப அதற்கு அதிகம் வசதி இல்லை. எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை இடுப்புதான் முடிவு செய்கிறது.

நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் கொஞ்ச நேரம் நாம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அப்போது இடுப்பு மறுபக்கம் சரிந்துவிடாமல் பிடித்துக்கொள்வது, ஊன்றிய காலின் இடுப்புப் பக்கத்தில், பின்பாக்கெட்டுக்குச் சற்று மேலே இருக்கும் ஒரு தசை. அது ஓய்ந்தவர்களுக்கு இடுப்பு சரியும். அதைச் சமாளிக்க உடம்பை இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டு நடப்பார்கள். ஜெர்மன் அறுவை மருத்துவர் ட்ரெண்டலென்பர்க் இதை 1895லேயே எழுதி வைத்தார், இன்றும் டாக்டர்கள் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பார்ப்பது அவர் பெயரில்தான். வயசாகிவிட்டதால் அப்படி நடக்கிறார் என்று நாம் சொல்லிவிடுகிறோம். பாதி வயசு, பாதி அந்தத் தசை. அது பலம் இல்லாமல் போனால் தொடை உள்பக்கம் சாய்கிறது, முட்டியும் உள்பக்கம் சாய்கிறது, சில்லு அதன் பள்ளத்தை விட்டு ஓரமாக உரசுகிறது. நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு முட்டியும் ஒன்றோடொன்று முட்டுகிற மாதிரி உள்ளே வருகிறதா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

இடுப்புக்கும் மேலே போனால் 'கோர்' வருகிறது. நம் பேரன்கள் ஜிம்மில் இந்தச் சொல்லைச் சொன்னால் சினிமா ஹீரோ வயிற்றில் தெரிகிற ஆறு கட்டு என்று நினைக்கிறார்கள். அது வேறு. ஒரு டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். மூடி உதரவிதானம், அடித்தட்டு இடுப்புத் தளத்தசை, சுற்றுச்சுவர் வயிற்றின் ஆழத்தில் இருக்கும் தசை, பின்பக்கம் முதுகெலும்பை ஒட்டிய சின்னச் சின்னத் தசைகள். இந்த டப்பா விறைப்பாக இருந்தால்தான் கால் அதைப் பிடிமானமாக வைத்து இயங்க முடியும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997ல் காட்டியது வேடிக்கையான விஷயம்: காலைத் தூக்க நாம் நினைத்தவுடன், கால் தசை வேலையை ஆரம்பிப்பதற்கு முன்பே வயிற்றின் அந்த ஆழமான தசை சுருங்கிவிடுகிறது. கவுன்டரைத் திறப்பதற்கு முன்னால் கேஷ் அறையைத் திறப்பது மாதிரி.

கோரில் முக்கியம் பலத்தைவிடத் தாக்குப்பிடிப்பது. ஒரு தடவை முக்கி எடுப்பதில் ஒன்றும் இல்லை. நாள் முழுக்கக் குறைந்த அளவில் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். காலை பத்து மணிக்கு நிமிர்ந்து நிற்கிறவர் மாலை ஐந்து மணிக்கு எப்படி நிற்கிறார்? வயிறு முன்னால் தள்ளி, எடை முழுக்க ஒரு காலில் சாய்ந்து, அந்த முட்டியைப் பின்பக்கம் பூட்டிக்கொண்டு. நடுவுடல் களைத்துப் போனால் சுமை கீழே இறங்கிவிடும். யேல் பல்கலைக்கழகத்தில் 277 கல்லூரி விளையாட்டு வீரர்களை மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்து 2007ல் எழுதினார்கள். திடீரென்று அசைத்துவிட்டால் நடுவுடல் அதிகம் ஆடிப்போனவர்களுக்குப் பின்னால் முட்டிக் காயம் அதிகம் வந்தது, குறிப்பாகப் பெண்களுக்கு.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தொடைத் தசைக்கு இருக்கிற அளவு சாட்சி கோருக்கு இல்லை. அந்த 277 பேரும் இளவயசு விளையாட்டுக்காரர்கள், நாம் இல்லை. எனவே கோர் பயிற்சி மட்டும் செய்தால் முட்டி வலி போய்விடும் என்று யாராவது யூடியூபில் சொன்னால் நம்பாதீர்கள். தொடைக்கு முதல் இடம், இடுப்புக்கு இரண்டாவது, கோர் இவை இரண்டுக்கும் அஸ்திவாரம். நான் படித்த வரையில் என் தீர்ப்பு இது.

இது கிழவர்கள் சமாச்சாரம் மட்டுமல்ல என்பதால் நம் ஊரைப் பற்றிக் கொஞ்சம். வல்லம் வடகாலில் சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த தொழிலாளர் குடியிருப்பில் 18,720 பேர் தங்க இடம் உண்டு. ஷிப்ட் பஸ்கள் வரிசையாகப் போவதை நம் பால்கனியிலிருந்தே பார்க்கிறோம். இருபது, இருபத்திரண்டு வயசுப் பெண்கள். நம் பிளாக்குகளிலும் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளில் லைனில் நிற்கிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். அந்த வயதில் வருகிற முட்டி வலிக்கும் தேய்மானத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. சில்லைச் சுற்றி முன்பக்கம் வலிக்கும், படி ஏறி இறங்கினால் வலிக்கும், பஸ்ஸில் ரொம்ப நேரம் முட்டியை மடித்து உட்கார்ந்தாலும் வலிக்கும். இது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இதற்கு இடுப்புக்கும் தொடைக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுப்பதைத்தான் சர்வதேச நிபுணர்கள் கூடிப் பேசிப் பரிந்துரைத்திருக்கிறார்கள். "சின்ன வயசு, இப்பவே முட்டி வலியா" என்று வீட்டில் கேலி செய்யாமல் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

ஒரே இடத்தில் நின்றுகொண்டே இருப்பது நடப்பதைவிடக் கஷ்டம். நடந்தால் தசை சுருங்கி விரிகிறது, நின்றால் சுருங்கியபடியே இருக்கிறது. நின்று வேலை செய்கிறவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்று 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவிலேயே எழுதினார்கள். கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த உரிமை நம் மாநிலத்தில் 2021ல்தான் சட்டத் திருத்தமாக வந்தது, கேரளத்தில் 2018ல். இதை நான் எதற்குச் சொல்கிறேன் என்பது கடைசியில் வரும்.

இப்போது எல்லோரும் எழுந்திருங்கள், ஒரு சின்னப் பரீட்சை. கையில்லாத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, முப்பது விநாடிக்குள் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். தலைசுற்றல் உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் வேண்டாம். (இந்த இடத்தில் கூட்டத்தில் பலர் செய்து பார்த்தார்கள். சி பிளாக் மாமி ஒருவர் தன் கணவரைவிட மூன்று அதிகம் எடுத்தார், அவர் இன்னும் மறுபரீட்சை கேட்டுக்கொண்டிருக்கிறார்.) அமெரிக்காவில் இதற்கு ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். 60 முதல் 64 வயதுக்குள் ஆண்கள் 14, பெண்கள் 12க்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழே. 65 முதல் 69 வரை ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11. 70 முதல் 74 வரை ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 10. அவர்கள் ஊர்க் கணக்கு என்பதால் ஒன்றிரண்டு குறைந்ததற்காகக் கலங்க வேண்டாம். இன்று வந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து வருகிற எண்ணோடு ஒப்பிடத்தான் அது.

பரீட்சையே பயிற்சியும். வாரத்தில் மூன்று நாள் போதும், தினமும் வேண்டாம், தசைக்கு ஓய்வு நாள் வேண்டும். நாற்காலியில் எழுந்து உட்காருவது பத்து முறை, கொஞ்சம் இடைவெளி, மறுபடி பத்து. உட்காரும்போது பொத்தென்று விழாமல் மூன்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள், அந்த இறக்கம்தான் படிக்கட்டு பிரேக்கைப் பழக்குகிறது. எழவே முடியாதவர்கள் நாற்காலி மேல் இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். முட்டியை மடித்தாலே வலிக்கிறவர்கள் கட்டிலில் காலை நீட்டி, முட்டிக்கு அடியில் சுருட்டிய டவலை வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணுங்கள். டி.வி. பார்த்துக்கொண்டே செய்யலாம்.

இடுப்புக்குச் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்று காலைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். உடம்பு மறுபக்கம் சாயக்கூடாது, சாய்ந்தால் காலை அதிகம் தூக்குகிறீர்கள் என்று அர்த்தம். அடுப்பில் பால் பொங்க நிற்கிற நேரம் இதற்குப் போதும், பாலையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோருக்கு மல்லாந்து படுத்து, முட்டிகளை மடித்து, இடுப்பை உயர்த்திப் பத்து விநாடி பிடிப்பது ஒன்று. தரையில் பிளாங்க் செய்ய நம்மில் பலரால் முடியாது, அவசியமும் இல்லை. சமையலறை மேடையில் முன்கைகளை ஊன்றி, கால்களைப் பின்னால் தள்ளி, தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடாக நின்று பதினைந்து விநாடி. வாரத்துக்கு வாரம் ஐந்து விநாடி கூட்டுங்கள். எதைச் செய்தாலும் மூச்சை அடக்காதீர்கள், நம்மில் பாதிப் பேருக்கு பிரஷர் இருக்கிறது. வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக வந்து போகும்.

செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு சரி. மறுநாளும் வலி கூடியே இருந்தால் பாதியாகக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். ஆனால் முட்டி சிவந்து சூடாக வீங்கினால், கூடவே காய்ச்சல் வந்தால், முட்டி நடுவில் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால், விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாவிட்டால், கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கினால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். அதில் என் பேச்சுக்கு வேலையே இல்லை.

இந்த வயசுக்கு மேல் தசை ஏறுமா என்று பின்வரிசையில் கேட்கிறார்கள். 1990ல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். தொடைத் தசையின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. எட்டு வாரத்தில் அப்படிப்பட்ட வட்டியை என் சர்வீஸில் எந்த ஸ்கீமிலும் பார்த்ததில்லை.

உடல் எடையைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. 2005ல் வந்த ஆய்வொன்றின்படி, உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு நான்கு கிலோ சுமை குறைகிறது. மூன்று கிலோ குறைத்தால் அடிக்குப் பன்னிரண்டு கிலோ. ஒரு நாளைக்கு நான்காயிரம் அடி நடக்கிறீர்கள், ஒரு முட்டிக்கு இரண்டாயிரம் அடி என்றால் 24,000 கிலோ, அதாவது 24 டன். ஒரகடம் ரோட்டில் போகிற ஒரு லாரி லோடு, ஒரு முட்டிக்கு, ஒரு நாளைக்கு.

இனி பணம். 2016ல் வெளியான ஓர் ஆய்வில், இந்தியாவின் ஐந்து இடங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களைப் பார்த்ததில் 28.7 சதவீதம் பேருக்கு முட்டித் தேய்மானம் இருந்தது. இவ்வளவு பெரிய கூட்டம் இருந்தால் வியாபாரம் நடக்காமல் இருக்குமா? எண்ணெய், பெல்ட், மாத்திரை, காந்தம். குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் மாத்திரைகளை 1,583 பேருக்குக் கொடுத்துச் செய்த பெரிய ஆய்வு 2006ல் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் வெற்று மாத்திரையைவிடச் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. டெலஸ்கோப் மாதிரிக் குழாய் விட்டு முட்டியைக் கழுவிச் சுத்தம் செய்யும் ஆபரேஷனை 2002ல் டெக்சாஸில் 180 பேரிடம் சோதித்தார்கள். சிலருக்கு உண்மையான ஆபரேஷன், சிலருக்குத் தோலில் மட்டும் கீறல். இரண்டு வருஷம் பார்த்தும் வலியில் வித்தியாசம் இல்லை. உடற்பயிற்சிக்கோ, 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2015ஆம் வருஷத்துத் தொகுப்பு வலியும் குறைகிறது, நடமாட்டமும் கூடுகிறது என்று உறுதியாகச் சொல்கிறது. இதில் செலவு ஒரு நாற்காலி, அது ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம் வாட்ஸ்அப் குரூப்பில் ரிப்போர்ட் போட்டு விளக்கம் கேட்கிறார்கள். எக்ஸ்-ரேயில் தேய்மானமே தெரியாத, ஐம்பதைத் தாண்டிய 710 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து 2012ல் எழுதினார்கள். 89 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கோளாறு தெரிந்தது. வலி இருந்தவர்களுக்கும் தெரிந்தது, இல்லாதவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு தெரிந்தது. முகத்தில் சுருக்கம் மாதிரி முட்டிக்குள்ளும் கொஞ்சம் சுருக்கம் இருக்கும். ரிப்போர்ட்டில் உள்ள பெரிய பெரிய வார்த்தைகளைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆபரேஷனே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாஜ்பாய் பிரதமராக இருக்கும்போதே 2000லும் 2001லும் இரண்டு முட்டியையும் மாற்றிக்கொண்டார். இரவில் தூங்க முடியாத வலி, பாத்ரூமுக்குப் போகவே துணை வேண்டும் என்ற நிலை வந்தவர்களுக்கு அது பெரிய வரம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டிக்கு உச்சவரம்பு விலை வைத்த பிறகு செலவும் குறைந்தது, அதிகம் பயன்படுகிற கோபால்ட் குரோமியம் வகைக்கு அன்று வைத்த விலை வரி நீங்கலாக 54,720 ரூபாய். ஆனால் இரண்டு விஷயம். டென்மார்க்கில் ஆபரேஷனுக்குத் தகுதியானவர்களில் 50 பேருக்கு முதலில் பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருஷத்தில் 13 பேர்தான் ஆபரேஷனுக்குப் போனார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி அதிகம் குறைந்தது என்பதையும் அதே ஆய்வு 2015ல் சொன்னது, அதை மறைக்கக்கூடாது. இரண்டாவது, முட்டியை மாற்றினாலும் தொடைத் தசையை யாரும் மாற்றுவதில்லை. ஆபரேஷன் ஆன முதல் மாதத்தில் அதன் பலம் பாதிக்கும் மேல் இறங்கிவிடுகிறது. உள்ளே போகும்போது கையிருப்பு இருந்தவர்தான் சீக்கிரம் எழுந்து நடக்கிறார். தேதி குறித்தாகிவிட்டது, இனி எதற்குப் பயிற்சி என்று கேட்ட நண்பருக்கு இதுதான் பதில்.

வீட்டை விட்டு வெளியே போக முடியாதவர்களுக்கு ஒரு தகவல். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு, தேவைப்படுபவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் உண்டு. நமக்கெல்லாம் எதற்கு என்று கூச்சப்பட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு மூன்று கோரிக்கைகள். நம் படிக்கட்டுகளில் கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கிறது. வலது முட்டி வலிக்கிறவருக்கு ஏறும்போது தோதாக இருக்கும் பக்கம் இறங்கும்போது எதிர்ப்பக்கம் ஆகிவிடுகிறது. மறுபக்கமும் போட கொட்டேஷன் வாங்கலாம், முதலில் தரைத்தளத்திலிருந்து இரண்டாம் மாடி வரை. அடுத்தது நம் கேட் செக்யூரிட்டி. பன்னிரண்டு மணி நேர டியூட்டியில், உட்கார்ந்திருந்தால் தூங்கிவிடுவார் என்று நாற்காலியை எடுத்துவிட்டோம். சட்டம் நமக்குப் பொருந்துமா என்று வாதம் செய்யலாம், அவர் முட்டிக்கு அந்த வாதம் தெரியாது. முதுகு சாய்ப்போடு உயரமான ஸ்டூல் ஒன்று வாங்கிப் போட்டால் கேட்டையும் பார்க்கலாம், மாறி மாறி உட்காரவும் செய்யலாம். மாடிப்படி துடைக்கிற அம்மாக்கள் குந்தி உட்கார்ந்து துடைக்காமல் இருக்க நீளக் கைப்பிடி மாப்பும் அதோடு சேரட்டும். பெய்ஜிங் நகரத்து முதியவர்களை ஆராய்ந்தபோது, இளவயதில் நாளுக்கு நாள் அதிக நேரம் குந்தி உட்கார்ந்தவர்களுக்கு முட்டித் தேய்மானம் அதிகம் இருந்தது தெரிந்திருக்கிறது.

மூன்றாவது, பார்ட்டி ஹாலைச் செவ்வாய், வியாழன், சனி காலை ஆறரை முதல் ஏழு வரை நமக்குத் திறந்துவிட வேண்டும். பிசியோதெரபிஸ்ட் அம்மா முதல் இரண்டு வாரம் வந்து ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்து, யாருக்கு எது வேண்டாம் என்று சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்கான தொகையை வருகிறவர்கள் பகிர்ந்துகொள்வோம், சங்க நிதியிலிருந்து வேண்டாம். ஹாலில் உள்ள பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குக் கை இருக்கிறது, வழுக்கவும் செய்கிறது. வீட்டிலிருந்து கையில்லாத நாற்காலி இருந்தால் கொண்டுவாருங்கள், ஒரு டவலும், பழைய எக்ஸ்-ரே இருந்தால் அதுவும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சங்க அலுவலக நோட்டில் பிளாக், வீட்டு எண், வயது, இன்று நாற்காலிப் பரீட்சையில் வந்த எண் நான்கையும் எழுதிவிட்டுப் போங்கள்.